ரோமானிய ஊதுகண்ணாடிக் குப்பி வாங்கும் முன்: புதிய சேகரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைமையான ஒரு கண்ணாடிக் குப்பியை, இன்று நடுத்தரமான ஒரு கைப்பேசியின் விலைக்கு வாங்கிவிட முடியும் என்பது, பழம்பொருள் சேகரிப்பில் புதிதாக இறங்குவோருக்கு நம்பமுடியாத செய்தியாகவே படும். லண்டன், மியூனிக், நியூயார்க், ஜெருசலேம் போன்ற நகரங்களின் ஏலப் பட்டியல்களில் "ரோமானிய ஊதுகண்ணாடிக் குப்பி, கி.பி. 1–3ஆம் நூற்றாண்டு, கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி" என்ற ஒற்றை வரி விவரத்தோடு இத்தகைய குப்பிகள் ஆண்டு முழுவதும் விற்பனைக்கு வருகின்றன. இவை இத்தனை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், செய்யப்பட்ட காலத்திலும் இவை மலிவாகவே இருந்தன என்பதுதான். அகஸ்டஸ் பேரரசரின் காலத்தில் வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, ரோம் நகரில் ஒரு கண்ணாடிக் கோப்பையைச் செப்புக் காசு ஒன்றுக்கு வாங்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கையில் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றுள் கல்லறைகளில் வைக்கப்பட்டவை உடையாமல் தப்பின. தப்பியவை இன்று சந்தைக்கு வருகின்றன.

விலை எட்டக்கூடியதாக இருப்பதாலேயே ஆராயாமல் வாங்குவோரும் அதிகம். படத்தில் தெரியும் வானவில் நிற மினுக்கத்தில் மயங்கி, மற்ற எதையும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். குப்பியின் வாயையும் அடியையும் ஆவணங்களையும் முதலில் பார்த்துவிட்டு, மினுக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. பின்வரும் படிகள் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

முதற்படி: குப்பி எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுதல்

செய்முறை தெரியாதவரால் போலியைக் கண்டுபிடிக்க இயலாது. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கண்ணாடிக் கலம் செய்ய இரண்டு வழிகளே பெரும்பாலும் கையாளப்பட்டன. ஒன்று, அச்சில் இட்டு உருவாக்குவது. மற்றொன்று, ஒரு கோலின் முனையில் களிமண் போன்றவற்றால் பிடித்த கருவின்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறிய பின் உள்ளிருக்கும் கருவைச் சுரண்டி எடுப்பது. இரண்டுமே நேரத்தை விழுங்கும் வேலைகள். காற்றை ஊதிக் கலம் செய்யும் நுட்பம் சிரியா–பாலஸ்தீனக் கடற்கரைப் பகுதியில்தான் தோன்றியது. ஜெருசலேமின் யூதர் குடியிருப்பில் நஹ்மான் அவிகாட் தலைமையில் நடந்த அகழாய்வில், ஒரு முனையை மூடி மறுமுனை வழியே ஊதி உப்பவைக்கப்பட்ட சிறு கண்ணாடிக் குழாய்கள், பட்டறைக் கழிவோடு கழிவாகக் கிடைத்தன. இரும்பாலான நீண்ட ஊதுகுழல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முந்தைய, தடவித் தடவிக் கற்ற நிலையை அவை காட்டுகின்றன. அடுத்த நூறாண்டுக்குள் இந்தத் தொழில் இத்தாலிக்கும், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயும் பரவிவிட்டது.

பட்டறையில் ஊதியவரும் மூலக் கண்ணாடியை உருக்கியவரும் ஒருவர் அல்லர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எகிப்தின் வாடி நத்ரூன் ஏரிப் படுகையில் கிடைத்த நாட்ரான் என்னும் சோடா உப்பையும், கடற்கரை மணலையும் சேர்த்துப் பெரிய தொட்டி உலைகளில் மூலக் கண்ணாடி உருக்கப்பட்டது. இன்றைய ஆக்கோ நகருக்கு அருகில் கடலில் கலக்கும் பெலுஸ் ஆற்றின் மணலை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தனியே குறிப்பிட்டுப் புகழ்ந்திருக்கிறார். அந்த மணலில் கலந்திருந்த சிப்பித் துகள்களே கண்ணாடிக்குத் தேவையான சுண்ணாம்பைத் தந்தன. உருக்கிய பாளம் கட்டி கட்டியாக உடைக்கப்பட்டு, கப்பலில் தொலைதூரப் பட்டறைகளுக்குச் சென்றது. கி.பி. 301இல் தியோக்ளேசியன் பேரரசர் வெளியிட்ட விலை ஆணையில், அலெக்சாந்திரியக் கண்ணாடி பவுண்டுக்கு 24 தெனாரி (ரோமானியக் காசு) என்றும், பச்சைச் சாயலுள்ள யூதேயக் கண்ணாடி பவுண்டுக்கு 13 தெனாரி என்றும் விலை வகுக்கப்பட்டிருக்கிறது. ஏலப் பட்டியல்களில் நாம் மிகுதியாகக் காணும் நீலப்பச்சை நிறம், மணலில் இயல்பாகவே இருந்த இரும்பினால் வந்தது. சாயம் எதுவும் சேர்க்கப்படவில்லை. நிறமற்ற கண்ணாடி வேண்டியபோது ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தார்கள்.

இந்த மூலக் கண்ணாடி தமிழகத்துக்கும் வந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழிக் கடல் வணிகக் கையேடான எரித்ரேயக் கடல் வழிக் குறிப்பு, சேர நாட்டின் முசிறித் துறைக்கு இறக்குமதியான சரக்குகளில் மூலக் கண்ணாடியையும் பட்டியலிடுகிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்தன. அவை துண்டுகளே. இன்று முழுமையான குப்பி எதையும் "அரிக்கமேட்டுக் குப்பி" என்று யாராவது விற்க முன்வந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: எந்த வகை என்பதை முடிவு செய்தல்

சந்தைக்கு மிகுதியாக வருபவை தைலமும் நறுமண எண்ணெயும் வைக்கப் பயன்பட்ட சிறு குப்பிகள். பட்டியல்களில் இவற்றை அங்குவென்டாரியம் என்று குறிப்பிடுவார்கள். பழைய கடைக்காரர்கள் சிலர் இன்னும் இவற்றைக் "கண்ணீர்க் குப்பி" என்று சொல்லி விற்பதுண்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தம் கண்ணீரை இதில் பிடித்து வைத்தார்கள் என்பது பிற்காலத்தவர் கட்டிவிட்ட கதை. அந்தக் கதையைச் சொல்லி விலையை ஏற்றுபவரிடம் மற்ற விவரங்களையும் ஐயத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கும்.

தைலக் குப்பிகளுக்குள்ளேயே பல வடிவங்கள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் குப்பிகள் பெரும்பாலும் நீண்ட குழாய் போன்றோ, கண்ணீர்த் துளி போன்ற உடலோடோ இருக்கும். நீண்ட கழுத்தும் தட்டையாகப் பரந்த கீழுடலும் கொண்டு மெழுகுவத்தித் தாங்கியைப் போலத் தோன்றும் வடிவம் அதற்குச் சற்றுப் பின்னால் பெருகியது. இவை தவிர, இரட்டைக் குழாயாக ஒட்டிச் செய்து மேலே வளைந்த கைப்பிடி வைத்த மைக்குப்பிகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக் கிழக்குப் பகுதிக்கு உரியவை. சதுர உடலும் அகலப் பட்டைக் கைப்பிடியும் கொண்ட பெரிய புட்டிகள் சரக்கு ஏற்றிச் செல்லவும் பண்டம் சேமிக்கவும் பயன்பட்டவை. அச்சுக்குள் ஊதிச் செய்யப்பட்ட, புடைப்பு வேலைப்பாடுள்ள கலங்கள் தனி வகை. அவற்றில் "என்னியோன் செய்தான்" என்று கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்த முதல் நூற்றாண்டுக் கைவினைஞனின் கலங்கள் அருங்காட்சியகங்களே போட்டியிட்டு வாங்கும் தரத்தவை. விலையின் மறுகோடியில் வலைக்கூடு போலக் குடைந்தெடுத்த கிண்ணங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று 2004இல் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் ஏறத்தாழ 26 லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. புதியவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டிய தேவை இல்லை.

பட்டியல்களில் "ஈசிங்ஸ் 28", "ஈசிங்ஸ் 50" என்பன போன்ற எண்கள் வரும். டச்சு ஆய்வாளர் கிளாசினா ஈசிங்ஸ் 1957இல், காலம் உறுதியான அகழாய்வுகளில் கிடைத்த கலங்களைக் கொண்டு வகுத்த வடிவ வரிசை எண்கள் அவை. விற்பவர் எண்ணைக் குறிப்பிட்டால், அதே எண்ணுள்ள கலங்களைக் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தரவுத்தளங்களில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நூறு படங்களைப் பொறுமையாகப் பார்த்த கண், நூற்றோராவது படத்தில் ஏதோ சரியில்லை என்பதைக் காரணம் தெரியாமலேயே உணரத் தொடங்கும். முதல் கொள்முதலாக, வேலைப்பாடற்ற, கைப்பிடியற்ற, உயரம் பத்து சென்டிமீட்டரைச் சுற்றியுள்ள தைலக் குப்பி ஒன்றையே நான் பரிந்துரைப்பேன். கைப்பிடி இல்லாவிட்டால் ஒட்டுவேலைக்கு வாய்ப்பு குறைவு. வேலைப்பாடு இல்லாவிட்டால் போலி செய்பவருக்குக் கிடைக்கும் ஆதாயமும் குறைவு.

மூன்றாம் படி: வாய் முதல் அடி வரை ஆராய்தல்

விற்பவரிடம் வாயை மேலிருந்தும், கழுத்தைப் பக்கவாட்டிலும், அடியை நேர் கீழிலிருந்தும், முழுக் குப்பியைப் பின்னொளி வைத்தும் எடுத்த படங்களைக் கேளுங்கள். உயரம், வாய் விட்டம், எடை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நேரில் பார்க்க முடிந்தால் பத்து மடங்கு பெருக்கும் கையடக்க உருப்பெருக்கி ஒன்றும், சிறு கைவிளக்கும் போதும்.

வாயிலிருந்து தொடங்கலாம். ஊதுகுழலிலிருந்து பிரித்த குப்பியின் வாய் கூராக இருக்கும். அதைத் தீயில் காட்டி மழுக்கினார்கள். அல்லது விளிம்பை வெளிப்புறமாக விரித்து, பிறகு உள்பக்கமாக மடித்து அமுக்கினார்கள். மடித்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால், மடிப்புக்குள் சிக்கிய காற்று மெல்லிய வளையமாகத் தெரியும். அந்த இடுக்கில் மண்ணும் படிந்திருக்கும். விளிம்பு ஒரே தளத்தில் இருக்காது. ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் உயர்ந்தும் இருப்பது இயல்பு. வாய் விளிம்பு சாணைபிடித்ததுபோல் ஒரே சமமாகவும் பளபளப்பாகவும் இருந்தால், உடைந்த வாயை அறுத்துச் சமன் செய்திருக்கக்கூடும். கிண்ணங்களிலும் குவளைகளிலும் விளிம்பை வெட்டித் தேய்த்துவிடுவது அன்றே இருந்த முறைதான். ஆனால் தைலக் குப்பியில் அதைக் கண்டால் காரணம் கேட்க வேண்டும்.

கழுத்தில் பார்க்க வேண்டியவை குமிழ்கள். கழுத்தை இழுத்து நீட்டும்போது அதிலுள்ள குமிழ்களும் நீளும். ஆகவே கழுத்தில் குமிழ்கள் ஊசிபோல் நெடுக்காகவும், உடலில் ஏறத்தாழ உருண்டையாகவும் இருக்கும். பின்னொளியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் இடுக்கியால் இறுக்கிய தடம் ஒன்று பல குப்பிகளில் சுற்றிவர ஓடும். குமிழ்களோடு, உலையிலிருந்து விழுந்த கரும்புள்ளிகளும் சில இடங்களில் சிக்கியிருக்கும். குமிழே இல்லாத தூய கண்ணாடி ஐயத்துக்கு உரியது. அதற்காகக் குமிழ் மிகுந்திருந்தால் பழையது என்று எண்ணிவிடவும் கூடாது. போலி செய்பவர்களுக்கும் இது தெரியும் என்பதால், வேண்டுமென்றே குமிழ் நிரம்பச் செய்த புதுக் குப்பிகளும் உலவுகின்றன.

உடலின் சுவர் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருப்பது முதல்முறை தொடுபவரை வியக்கவைக்கும். குப்பியை மேசைமீது நிறுத்தினால் சற்றே சாய்ந்து நிற்பதும், சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் உப்பலாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருப்பதும் கையால் ஊதிய கலத்தின் இயல்புகள். கனமாக இருந்தால் ஈயம் கலந்த பிற்காலக் கண்ணாடியாகவோ, தடித்த சுற்றுலா நினைவுப்பொருளாகவோ இருக்கலாம்.

அடியைப் பார்க்காமல் எந்தக் குப்பியையும் வாங்காதீர்கள். வாயைச் சீர்படுத்தும்போது கலத்தைப் பிடித்துக்கொள்ள, அதன் அடியில் இரும்புக் கோல் ஒன்றின் முனையைச் சிறிது கண்ணாடியால் ஒட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் தட்டிப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் வட்டமான கரடுமுரடுத் தழும்பு தங்கிவிடும். பான்டில் தழும்பு எனப்படும் இது முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாகத் தென்படத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எளிய குழாய்க் குப்பிகளில் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே "கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம்" என்று விற்கப்படும் குழாய்க் குப்பியின் அடியில் பெரிய தழும்பு இருந்தால் காலக் கணிப்பு தவறாக இருக்கலாம், அல்லது குப்பியே தவறாக இருக்கலாம். தழும்பைச் சாணைபிடித்து மழமழவென்று ஆக்கியிருந்தால் பெரும்பாலும் அது நவீன வேலைதான்.

நான்காம் படி: மினுக்கத்தைப் புரிந்துகொள்ளுதல்

இப்போது மினுக்கத்துக்கு வரலாம். நீலம், பச்சை, செம்பொன், ஊதா என்று திருப்பத் திருப்ப மாறும் அந்த நிறங்களைக் குப்பியைச் செய்தவர் ஒருநாளும் கண்டதில்லை. மண்ணிலிருந்த ஈரம் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியத்தை மெல்ல மெல்லக் கரைத்து வெளியேற்றிவிட, எஞ்சிய சிலிக்கா மிக மெல்லிய ஏடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிற்கிறது. அந்த ஏடுகளின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதுவதால் நிறங்கள் தோன்றுகின்றன. சோப்புக் குமிழியில் தெரியும் நிறங்களும் இதே முறையில் உண்டாகின்றன. சுருங்கச் சொன்னால், விற்பவர் அழகு என்று தனி விலை வைப்பது சிதைவைத்தான். அந்தச் சிதைவை விரும்பி வாங்குவதில் தவறொன்றும் இல்லை. அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் கண்ணாடிகளில் இதே மினுக்கத்தைச் செயற்கையாகக் கொண்டுவரப் பாடுபட்டார். ஆனால் சிதைவு என்பதை மறக்காதவருக்குத்தான் உண்மை மினுக்கமும் பூச்சும் பிரித்துத் தெரியும்.

உண்மையான மினுக்கம் சீராக இருக்காது. குப்பி மண்ணில் எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்ததோ அந்தப் பக்கம் மிகுந்தும், மற்றப் பக்கம் குறைந்தும் இருக்கும். உட்புறத்திலும், மடித்த வாய் விளிம்பின் இடுக்கிலும் அது தொடரும். உருப்பெருக்கியில் பார்த்தால், வெங்காயத் தோல் உரிவதுபோல் ஏடு பெயர்ந்த ஓரங்கள் தெரியும். பெயர்ந்த இடத்துக்குக் கீழே கண்ணாடி வழவழப்பாக இருக்காமல் நுண்குழிகளோடும் மங்கலாகவும் இருக்கும். சில குப்பிகளில் மினுக்கத்துக்கு மேல் பழுப்பாகவோ கறுப்பாகவோ தடித்த பொருக்கு ஒன்று எனாமல் பூசியதுபோல் ஒட்டியிருக்கும். அதுவும் சிதைவின் மற்றொரு வடிவம்.

போலி மினுக்கம் இரண்டு வகையில் வரும். சூடான கண்ணாடியின்மேல் உலோக உப்பின் ஆவியைப் படியவைத்து உண்டாக்குவது ஒன்று. அது வழவழப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, ஏடு பெயராமல் இருக்கும். பசையோடு மினுக்குத் தூளும் மண்ணும் கலந்து பூசுவது மற்றொன்று. அது உட்புறத்தில் இருக்காது, அல்லது வாய்க்கு அருகில் எட்டிய தூரம் மட்டும் இருக்கும். கண்ணாடியில் புதிய கீறலோ உடைப்போ இருந்து, அதன் மேலும் மினுக்கம் ஒரே தொடர்ச்சியாகப் படர்ந்திருந்தால் அங்கே பூச்சை எதிர்பார்க்கலாம். நகத்தால் சுரண்டியோ, அசிட்டோன் தொட்டோ, நீரில் நனைத்தோ சோதிக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குப்பி உண்மையாக இருந்தால் அந்தச் சோதனையிலேயே அதன் மேற்பரப்பு போய்விடும்.

மேற்குக் கரையிலுள்ள ஹெப்ரான் நகரில் ஊதுகண்ணாடித் தொழில் இன்றும் உயிரோடு நடக்கிறது. அத்தகைய பட்டறைகளில் நினைவுப்பொருளாகவே செய்து நேர்மையாக விற்கப்படும் குப்பிகள், நான்கு கை மாறிய பின் "ரோமானியம்" ஆகிவிடுவதும் உண்டு. செய்தவர் மேல் குற்றமில்லை. இடையில் வந்த கைகள்தான் வயதைக் கூட்டுகின்றன.

ஐந்தாம் படி: ஒட்டுவேலையைக் கண்டறிதல்

முழுப் போலியைவிடப் பாதிப் போலியே சந்தையில் மிகுதி. உண்மையான உடலுக்கு வேறொரு குப்பியின் கழுத்து, உண்மையான குடத்துக்கு வேறொன்றின் கைப்பிடி, உடைந்த விளிம்புக்குப் பிசினால் ஆன நிரப்பல், அதன்மேல் மறைக்க மண் பூச்சு என்று பலவாறு வரும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பசையும் பிசினும் கண்ணாடியிலிருந்து வேறுபட்டு வெளிர் நீலமாகவோ பால்வெண்மையாகவோ ஒளிர்வது வழக்கம். ஒட்டுக் கோட்டின் இருபுறமும் குமிழ்களின் போக்கும் நிறத்தின் அடர்த்தியும் மாறுகின்றனவா என்பதையும் பாருங்கள். பழுது நீக்கப்பட்ட குப்பியை வாங்கலாம். ஆனால் பழுது இன்னது என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும், விலையும் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும்.

ஆய்வகச் சோதனை பற்றியும் கேட்பார்கள். சுடுமண் பொருள்களுக்குச் செய்யப்படும் வெப்ப ஒளிர்வுக் காலக் கணிப்பு இத்தகைய கண்ணாடிக்குப் பயன்படுவதில்லை. வேதிப் பகுப்பாய்வு பயன்படும்: நாட்ரானால் செய்த ரோமானியக் கண்ணாடியில் மக்னீசியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் பொதுவாகத் தனித்தனியே ஒன்றரை விழுக்காட்டுக்குள் இருக்கும், ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு அப்பகுதியில் தாவரச் சாம்பலைக் கொண்டு செய்த கண்ணாடியில் இரண்டுமே அதற்கு மேல் போகும். ஆனால் சிதைந்த மேற்பரப்பை அளந்தால் தவறான விடை வரும் என்பதாலும், செலவு சிறு குப்பியின் விலையையே தாண்டக்கூடும் என்பதாலும், விலை உயர்ந்த கலத்துக்கு மட்டுமே இதை நாடுவது பொருத்தம்.

ஆறாம் படி: ஆவணங்களைக் கேட்டு வாங்குதல்

முழுமையாக, உடையாமல் கிடைக்கும் ரோமானியக் குப்பி ஏறத்தாழ எப்போதும் ஒரு கல்லறையிலிருந்தே வந்திருக்கும். வீடுகளிலும் தெருக்களிலும் இருந்தவை உடைந்தன. உடைந்தவற்றைச் சேர்த்து மீண்டும் உருக்கவும் செய்தார்கள். ஆகவே உங்கள் கையிலுள்ள குப்பிக்காக யாரோ, எப்போதோ, ஒரு கல்லறையைத் திறந்திருக்கிறார்கள். அது எப்போது நடந்தது, சட்டப்படி நடந்ததா என்பதுதான் கேள்வி. சிரியாவிலும் ஈராக்கிலும் போர்க்காலத்தில் நடந்த பெருங்கொள்ளைக்குப் பிறகு இந்தக் கேள்வியைத் தவிர்க்க யாருக்கும் உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

கள்ளத்தனமாகக் கடத்தப்படும் பண்பாட்டுப் பொருள்கள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் உருவானது. அருங்காட்சியகங்களும் பொறுப்புள்ள வணிகர்களும் அந்த ஆண்டையே எல்லைக் கோடாகக் கொள்கிறார்கள். 1970க்கு முன்பே பொருள் தோன்றிய நாட்டை விட்டு வெளியே இருந்தது என்பதற்கோ, பின்னர் உரிய அனுமதியோடு வெளியேறியது என்பதற்கோ சான்று இருப்பது சிறப்பு. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2015ஆம் ஆண்டுத் தீர்மானம் 2199, சிரியாவிலிருந்து 2011 மார்ச் 15க்குப் பிறகும், ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகும் முறைகேடாக வெளியேறிய பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்க நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. இஸ்ரேலில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற வணிகர்கள் விற்கலாம்; நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல அந்நாட்டுத் தொல்பொருள் ஆணையத்தின் அனுமதிச் சீட்டு தேவை.

"ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1980களில் பெறப்பட்டது" என்ற வாசகம் பட்டியல்களில் அடிக்கடி வரும். அது ஒரு கூற்று மட்டுமே, சான்று ஆகாது. பழைய பில், தேதியுள்ள புகைப்படம், முந்தைய ஏலப் பட்டியலின் பக்கமும் வரிசை எண்ணும், ஏற்றுமதி அனுமதி, காப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றில் எது இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். அந்த ஆவணம் இந்தக் குப்பியைத்தான் குறிக்கிறதா என்பதையும் பாருங்கள். தைலக் குப்பிகள் ஒன்றுபோலவே ஆயிரக்கணக்கில் இருப்பதால், விற்றுத் தீர்ந்த ஒன்றின் பழைய பதிவெண்ணைப் புதிதாகத் தோண்டிய மற்றொன்றுக்கு மாட்டிவிடுவது கடினமன்று. உயரம், விளிம்பிலுள்ள சிறு சில்லு, மினுக்கத்தின் திட்டு, குமிழின் இடம் ஆகிய ஏதேனும் ஒரு தனி அடையாளமாவது ஆவணத்திலும் பொருளிலும் பொருந்தி வர வேண்டும். "இரண்டு கண்ணாடிக் குப்பிகள், பழையவை" என்று மட்டும் எழுதிய பில்லால் எதையும் நிறுவ முடியாது. திருட்டுப் பொருள் தரவுத்தளங்களில் தேடியதற்கான சான்றிதழைக் காட்டுவார்கள். யாரும் புகார் கொடுத்திராத கல்லறைக் கொள்ளைப் பொருள் அத்தகைய தரவுத்தளத்தில் இருக்காது என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழும் தமிழர்கள் கவனிக்க: 2019/880 என்ற எண்ணுள்ள விதிமுறையின்படி, ஒன்றியத்துக்கு வெளியே கிடைத்த, 250 ஆண்டுக்கு மேற்பட்ட அகழ்பொருள்களை உள்ளே கொண்டுவர, விலை எவ்வளவாயினும், 2025 ஜூன் 28 முதல் இறக்குமதி உரிமம் பெற வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுபவர், வாங்கும் முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் வகைப்பாட்டையும் வரியையும் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. ஆகவே நாளை வெளிநாடு குடிபெயரும் எண்ணம் உள்ளவர், இந்தக் குப்பியை மீண்டும் எடுத்துச்செல்வது எளிதாக இராது என்பதை இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். இறக்குமதித் தாள்களை ஒருபோதும் தொலைத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: விலையும் பணமும்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. எளிய தைலக் குப்பிகள் சில நூறு டாலருக்குக் கைமாறுவது வழக்கம். அடர்நீலம், ஊதா போன்ற நிறங்களும், சுற்றிய நூலிழை வேலைப்பாடும், அச்சில் ஊதிய வடிவங்களும் விலையைப் பல மடங்கு உயர்த்தும். ஏலத்தில் சுத்தியல் விலைக்கு (கேட்பு முடியும்போது அறிவிக்கும் விலைக்கு) மேல் வாங்குபவர் கட்டணம் தனியாக வரும். அது பெரும்பாலும் 20 விழுக்காட்டைத் தாண்டும். அனுப்புச் செலவு, காப்பீடு, வரி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்பே கேட்புத் தொகையை முடிவு செய்யுங்கள். நம்பகத்தன்மைக்கு உத்தரவாதம் உண்டா, போலி என்று தெரிந்தால் எத்தனை ஆண்டுக்குள் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆவணமுள்ள குப்பி ஆவணமில்லாததைவிடக் கூடுதல் விலையில் இருந்தால், அந்தக் கூடுதலை மகிழ்ச்சியோடு கொடுக்கலாம்.

எட்டாம் படி: வீட்டில் வைத்துக் காத்தல்

அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குமிழித்தாளை நேரடியாகக் குப்பியின்மேல் சுற்றக் கூடாது, ஒட்டுநாடா எந்த இடத்திலும் படக் கூடாது, அமிலமற்ற மென்தாளைத் தளர்வாகச் சுற்றி, உள்பெட்டியில் வைத்து, அதை மற்றொரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியை வந்தவுடன் பிரிக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவைப்பது நல்லது. பிரித்த தாளை உதறிப் பார்க்காமல் எறியாதீர்கள். பெயர்ந்த ஏடுகள் அதில் இருக்கலாம்.

குப்பியைக் கழுத்திலோ விளிம்பிலோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை உடலையும் மறு கை அடியையும் தாங்க, மெத்தென்ற துணி விரித்த மேசைக்கு மேலாகவே கையாள வேண்டும். பருத்திக் கையுறை வழுக்கும், ஏடுகளிலும் சிக்கும். கழுவித் துடைத்த வெறுங்கையோ நைட்ரைல் கையுறையோ மேல். தண்ணீரில் கழுவுவது, ஈரத்துணியால் துடைப்பது, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது ஆகிய மூன்றும் கூடவே கூடாது. உள்ளே ஒட்டியுள்ள மண்ணையும் அப்படியே விட்டுவிடுங்கள். அதில் தைலத்தின் எச்சம் இருக்கலாம். குப்பி மண்ணுக்குள் கிடந்தது என்பதற்கான தடயமும் அதுவே.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுதி. குளிர்சாதனம் ஓடும் அறையில் அது திடீரென்று குறைந்து, நிறுத்தியதும் மீண்டும் ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஏடுகளைப் பெயர்க்கிறது. நிலையான ஈரப்பதம் ஓரளவு கூடுதலாக இருந்தாலும் இத்தனை கேடு செய்யாது. நன்கு மூடும் கண்ணாடிப் பேழையில், சிலிக்கா ஜெல் பையும் சிறு ஈரப்பத அளவியும் வைத்து, குளிர்சாதனக் காற்று நேரே படாத சுவரில் வையுங்கள். அளவி 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலைத்து நின்றால் போதும். பேழைக்குள் சூடேறும் விளக்கு வேண்டாம், வெளியிலிருந்து எல்.ஈ.டி. ஒளி போதுமானது. பூஜை அறைக்கு அருகில், கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் இடத்தில் வைப்பதையும் தவிர்க்கலாம்.

குப்பி வந்த நாளிலேயே நான்கு பக்கமும் வாயும் அடியும் தெரியப் படமெடுத்து, அளவுகளோடும் ஆவணங்களின் நகல்களோடும் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். குப்பியின்மேல் எண் எழுதவோ வில்லை ஒட்டவோ வேண்டாம். நூலில் கட்டிய சிறு அட்டையைப் பக்கத்தில் வைத்தால் போதும். முன்பிருந்த உரிமையாளர் ஒட்டிய பழைய வில்லை இருந்தால் அதை உரிக்காதீர்கள், அதுவும் ஆவணமே. ஆண்டுக்கு ஒருமுறை அதே கோணங்களில் மீண்டும் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பேழையின் தட்டில் மினுமினுக்கும் தூள் புதிதாகத் தென்பட்டால் ஏடு பெயர்கிறது என்று பொருள். அந்தத் தூளை மென்தூரிகையால் ஒரு காகித உறையில் சேர்த்து, குப்பியை மேலும் அசைக்காமல் வைத்து, தொல்கண்ணாடி கையாண்ட பாதுகாப்பு வல்லுநர் ஒருவரைக் கொண்டு மேற்பரப்பை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் பசையையோ வார்னிஷையோ நீங்களே பூசிவிடாதீர்கள்.